காங்கேசன்துறையில் ஆறு மணி நேரம்

குருவானவர் ஒருவர் உல்லாசக் கப்பலில் பயணம் செய்வதா என்று எங்கள் கொரட்டூர்ப் பங்கில் வெளிப்படையாக எவரும் கேட்கவில்லை. ஆயினும் மரியாயின் சேனை அன்பர் ஒருவர், "சாமி, அந்தக் கப்பலில் சூதாட்ட மண்டபம்கூட இருக்கிறதாமே?" என்று சற்றும் சிரிக்காமல் விசாரித்தார். இருக்கத்தான் இருக்கிறது. நான் அதன் வாசலை நாளுக்கு நான்கு முறை கடந்தேன். உணவுக்கூடத்திற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

என் குருத்துவ வெள்ளிவிழா முடிந்த பின்னர் அக்காளும் அத்தானும் தங்கள் அன்பளிப்பாக இந்தப் பயணச்சீட்டை வாங்கியிருந்தனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் புறப்படுவது அண்மைக் காலத்து வழக்கம். 2022 ஜூன் 4-ஆம் நாள் முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள் கொடியசைத்து அதனைத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் 'எம்பிரஸ்' என்னும் அந்தக் கப்பல் இலங்கைக்கும் செல்லலாயிற்று: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகள், ஐந்து இரவுகள். நாங்கள் சென்றது 2023 ஜூலையில்.

செய்தி பங்கில் பரவிய மறுநாள், காலைத் திருப்பலி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் என்னைச் சந்திக்கக் காத்திருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். ஏரிப்பக்கத் தெரு ஒன்றில் மகள் குடும்பத்தோடு வாடகை வீட்டில் வாழ்பவர். மழையாயினும் வெயிலாயினும் ஆறு மணித் திருப்பலிக்குத் தவறாதவர். அவர் ஈழத்தவர் என்பது எனக்குத் தெரியும். எந்த ஊர் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

"சுவாமி, கப்பல் காங்கேசன்துறைக்குப் போகுதாம் எண்டு சொல்லீனம். மெய்யோ?"

"ஆமாம் அம்மா."

"எங்கட ஊர் மயிலிட்டி. துறைமுகத்துக்குப் பக்கம்தான். எங்கட வீட்டு வாசலிலை ஒரு வேம்பு நிண்டது. அது இப்பவும் நிக்குதோ எண்டு ஒருக்காப் பாத்துக்கொண்டு வாங்கோ."

"நீங்களே ஒருமுறை போய் வரலாமே அம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை; அவருடைய மகள்தான் விளக்கினார். கப்பலில் ஏறக் கடவுச்சீட்டு வேண்டும். அவர்களிடம் இருப்பது அகதிப் பதிவு. தாயகம் திரும்ப விரும்பினால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது ஒருவழிப் பயணம். போனவர் மகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் திரும்பி வருவது எளிதன்று. அந்தப் பேரப்பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், நம் பள்ளிகளில் படித்தவர்கள்; ஆயினும் இந்த நாட்டின் குடிமக்கள் அல்லர். ஆக, சென்னையிலிருந்து அவருடைய வீட்டு வாசலுக்கு அருகே வரை செல்லும் கப்பலில் கொரட்டூரில் யாரும் ஏறலாம், அவரைத் தவிர.

அவர் ஒரு தாளில் வழி எழுதித் தந்தார். துறையிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது, எத்தனையாவது ஒழுங்கை, கிணறு எந்தப் புறம், மதிலின் நிறம் என்ன என்றெல்லாம் அதில் இருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த வீட்டுக்கு அவர் நேற்று எழுதியதைப் போல வழி எழுதியிருந்தார்.

*

கப்பலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பதினோரு மாடிக் கட்டடம் ஒன்று மிதந்து செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எங்கள் சிற்றறையில் மேசைமேல் திருப்பலி நிறைவேற்றினேன். அக்காள் வாசகம் படித்தார். அத்தான், கப்பல் ஆடினால் திருக்கிண்ணம் கவிழ்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் இரு கைகளையும் நீட்டியபடியே நின்றார். கடல் அமைதியாகவே இருந்தது.

இந்தக் கப்பல் நம் கடலுக்குப் புதிதேயன்றிப் புதிய கப்பல் அன்று. பிரான்சு நாட்டில் கட்டப்பட்டு 1990-ஆம் ஆண்டு சேவைக்கு வந்தது. இடையில் 2008 முதல் சில ஆண்டுகள் புல்மான்துர் என்னும் ஸ்பெயின் நாட்டு நிறுவனத்திடம் இருந்தது. உணவு மேசையில் எங்களோடு அமர்ந்த அண்ணாநகர்த் தம்பதியர் இதைக் கேட்டதும் மகிழ்ந்து, தாங்கள் முன்பு ஸ்பெயின் துறைமுக நகரங்களைக் கப்பலில் சுற்றிய கதையைச் சொன்னார்கள். ஏழு நாள், ஐந்து துறைகள்: பார்சிலோனா, வலென்சியா, பால்மா, மாலகா, காதிஸ். காலையில் இறங்குவது, பேருந்தில் ஏறுவது, மாலையில் திரும்புவது. "எது எந்த ஊர் என்று படத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும், ஃபாதர்" என்றார் அந்த அம்மையார், மிக நேர்மையாக.

பார்சிலோனாவில் 'கடலன்னை மரியா' ஆலயத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். நான் அதைப் புத்தகத்தில் மட்டுமே கண்டவன். 1329-இல் தொடங்கி 1383-இல் முடிந்த பேராலயம் அது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளர்கள் மோன்ட்யூயிக் குன்றின் கற்களைத் தங்கள் முதுகில் சுமந்து வந்து அதன் கட்டுமானத்திற்கு உதவினார்கள்; சுமையோடு குனிந்து நடக்கும் அவர்களுடைய உருவங்கள் அதன் தலைவாசல் கதவில் இன்றும் உள்ளன. அவ்வழியே போனதாகத்தான் நினைவு என்றார் கணவர், நேரம் இல்லையாம். அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. கப்பலில் வருவோருக்கு நேரம்தான் இல்லையே! அவ்வூர் மக்களும் சலித்துத்தான் போயிருக்கிறார்கள். கப்பல்கள் கொண்டுவந்து இறக்கும் கூட்டத்தைத் தாங்க இயலாமல், ஏழாக இருக்கும் பயணிகள் முனையங்களை 2030-க்குள் ஐந்தாகக் குறைப்பதென்று நகர ஆட்சியும் துறைமுகமும் 2025 ஜூலையில் உடன்பாடு செய்துகொண்டன.

அன்றிரவு படுக்கையில் என் மனம் வேறொன்றைக் கணக்கிட்டது. இந்தக் கப்பல் கடலுக்கு வந்ததும் 1990-இல். அந்த மூதாட்டி வீட்டைவிட்டு வெளியேறியதும் 1990-இல்.

*

அம்பாந்தோட்டையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சீனக் கடனில் கட்டப்பட்டு, 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட பெரிய துறைமுகம். நாங்கள் கண்ட அளவில் அதன் அகலத்திற்கு ஏற்ற ஆரவாரம் இல்லை.

திருகோணமலை அப்படியன்று. மலைகள் சூழ்ந்த, ஆழமான இயற்கைத் துறைமுகம்; கண்ணுக்கு விருந்து. கடலுக்குள் நீண்ட பாறைமுனையில், திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் நிற்கிறது. இன்றைய கோயில் பிற்காலத்தது. பழைய கோயிலை 1624-இல் கொன்ஸ்தந்தீனு த சா என்னும் போர்த்துக்கீசியத் தளபதி இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார். பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல் ஒன்று கோட்டை வாயிலில் இன்றும் காணக் கிடைக்கிறது. அக்காலத்தில் போர்த்துக்கல் ஸ்பெயின் மன்னரின் முடியின்கீழ் இருந்தது. மத்ரீது நகரில் நான்காம் பிலிப்பு மன்னர் அரியணையில் இருக்க, அவருடைய பெயரால் இங்கே ஒரு கோயில் கோட்டையாயிற்று. செய்தவர்கள் கழுத்தில் சிலுவை அணிந்தவர்கள். நான் என் வெண்ணிற அங்கியோடு அந்தக் கல்லின் முன் நின்றபோது, பக்கத்தில் நின்ற இந்து அன்பர் ஒருவர் மரியாதையோடு விலகி எனக்கு வழிவிட்டார். அது என்னைக் கூசச் செய்தது.

*

மறுநாள் காலை காங்கேசன்துறை. தூரத்திலேயே வெண்ணிறக் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டது, 1893-இல் எழுந்தது. 'காங்கேயன்' என்பது முருகனின் பெயர். மாவிட்டபுரம் கோயிலுக்கென்று அவனுடைய திருவுருவம் நம் கரையிலிருந்து கடல்வழியே இங்கு வந்திறங்கியது என்றும், அதனால் இத்துறைக்கு இப்பெயர் வாய்த்தது என்றும் தலபுராணம் கூறுகிறது. பெயரிலேயே ஒரு கடற்பயணம் இருக்கிறது.

இந்தக் கடலைக் கடந்தவர்கள் பலர். புனித யோசேப்பு வாஸ் அடிகளார் 1687-இல் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம் அது. எனவே அவர் கந்தல் உடுத்த இரவலராக வந்தார். சில்லாலை என்னும் ஊரின் மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14-ஆம் நாள் கொழும்புக் கடற்கரைத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்ததை நம் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அவர் இரவலர் வேடத்தில் வந்த நிலத்திற்கு நான் குளிரூட்டிய அறையில், மூன்று வேளை விருந்துண்டு வந்து சேர்ந்தேன்.

கரையில் எங்களுக்குக் கிடைத்தது ஆறு மணி நேரம். நல்லூர், பொது நூலகம், கோட்டை என்று பேருந்து ஏற்பாடாகியிருந்தது. அக்காளும் அத்தானும் அதில் சென்றார்கள். நூலகத்தை நானும் காண விரும்பியதுண்டு. 1981-இல் அது எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தத் தீயைத் தொலைவிலிருந்து கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார் என்று யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்வார்கள். ஆனால் என் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. அலுவலரிடம் சொல்லிவிட்டு ஓர் ஆட்டோவைப் பிடித்தேன்.

ஓட்டுநர் இளைஞர்; பேரத்தில் கெட்டிக்காரர். 2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எரிபொருள் விற்கும் விலையைச் சொல்லிச் சொல்லியே கூலியை உயர்த்திவிட்டார். போகும் வழியில் பழைய சிமெந்துத் தொழிற்சாலையைக் காட்டினார். 1950-இல் தொடங்கிப் பல குடும்பங்களுக்குச் சோறிட்ட ஆலை. 1990-இல் நின்றது நின்றதுதான். தொடர்வண்டியும் அவ்வாறே 1990-இல் நின்று, 2015 ஜனவரியில்தான் காங்கேசன்துறைக்கு மீண்டும் வந்தது. இந்தப் பகுதியில் எதைப் பற்றிக் கேட்டாலும் பதிலில் அந்த ஆண்டு வந்துவிடுகிறது. அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். பின்னர் அது உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. மயிலிட்டித் துறையும் அதைச் சார்ந்த நிலமும் 2017 ஜூலையில், 27 ஆண்டுகள் கழித்து, மக்களிடம் திரும்பின. எல்லாம் திரும்பவில்லை.

மயிலிட்டித் துறை புதுப்பிக்கப்பட்டு நன்றாகவே இருக்கிறது. வள்ளங்கள் வந்து நின்றன. வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த சிலர் என் அங்கியைக் கண்டதும் எழுந்தார்கள். ஆனால் என் கண் முதலில் சென்றது வேறொரு பக்கம். பெரிய விசைப்படகுகள் சில ஓரமாகக் கட்டிக் கிடந்தன. வண்ணம் உரிந்து, பலகை பிளந்து, ஒன்று பாதி நீரில் சாய்ந்திருந்தது. முகப்பில் தமிழ் எழுத்து. ஒன்றில் புனித அந்தோணியாரின் பெயரைப் படிக்க முடிந்தது.

"உங்கட ஊர்ப் படகுகள்தான் சுவாமி. எல்லை தாண்டி வந்து பிடிபட்டது" என்றார் மூத்தவர் ஒருவர்.

இந்தப் படகுகள் பிடிபட்ட செய்தியை நாம் நாளேட்டில் படிக்கிறோம், இராமேசுவரத்துக் குடும்பங்களின் கண்ணீரைப் படத்தில் காண்கிறோம், செபிக்கவும் செய்கிறோம். கதையின் மறுபாதியை நான் கேட்டது அன்றுதான். பெரியவர் கோபமின்றிச் சொன்னார்: "இரவிலை வரீனம். மடியைப் போட்டு அடியோடை வாரிக்கொண்டு போறாங்கள். எங்கட வலையளும் அதோடை போகுது. ஒரு வலை போனால் அதின்ரை கடனைக் கட்ட எத்தனை மாதம் வேணும் தெரியுமோ? இருபத்தேழு வருசம் நாங்கள் இந்தக் கடலிலை இறங்கேல்லை. இப்ப இறங்கினால் மீன் இல்லை."

கடலின் அடித்தரையை வாரும் இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடைசெய்துவிட்டது. நம் கரையில் அது இன்னும் தொழிலாகவே நடக்கிறது. கச்சத்தீவில் அந்தோணியார் திருவிழாவின்போது இரு கரை மீனவரும் ஒரே திருப்பலியில் பங்கேற்று, 'சமாதானம்' என்று கைகூப்புகிறார்கள். மறுவாரம் ஒருவர் மற்றவரின் வலையை அறுக்கிறார். நம்மவரும் பசிக்காகத்தான் போகிறார்கள் என்று நான் சொன்னேன். "எங்களுக்கும் அது தெரியும் சுவாமி" என்றார் அவர். அதற்குமேல் நாங்கள் இருவரும் பேசவில்லை.

தாளை எடுத்துக் காட்டினேன். பெரியவர் வாங்கிப் படித்தார், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார், அவரும் படித்தார். மூதாட்டியின் கணவர் பெயரைச் சொன்னதும் பெரியவரின் முகம் மாறியது. "அவையள் உயிரோடை இருக்கினமோ?" கணவர் இறந்துவிட்டார், மனைவி எங்கள் பங்கில் இருக்கிறார் என்றேன். அவர்கள் மடுமாதா ஆலய வளாகத்தில் சில வாரம் தங்கியதையும், பின்பு மன்னார்க் கரையிலிருந்து இரவில் படகேறி இராமேசுவரம் சென்றதையும், நான் அறிந்த அளவுக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டியபடி, "வாங்கோ" என்று ஆட்டோவில் எனக்கருகே ஏறிக்கொண்டார்.

இரண்டு திருப்பம், ஓர் உடைந்த மதில், கூரையற்ற வீடுகள் சில. ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் ஆலமரம் வளர்ந்து சன்னல் வழியே கிளை நீட்டியிருந்தது. புதிதாகக் கட்டிய சிறு வீடுகளும் இருந்தன. வாசலில் குழந்தைகள் விளையாடினார்கள். பின்பு வீதி முடிந்தது. முட்கம்பி வேலி, அதற்கு அப்பால் காவல். மூதாட்டி எழுதியிருந்த ஒழுங்கை அந்த வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"அதுதான் சுவாமி. அந்தப் பத்தைக்குப் பின்னாலை. இன்னும் விடேல்லை."

வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். புதரும் பனையும். அவற்றுக்கு மேலே, சற்றுத் தொலைவில், வேப்பமரங்களின் உச்சி இரண்டோ மூன்றோ தெரிந்தன. எது எவருடைய வாசலில் நின்றது என்று சொல்ல வழியில்லை. பெரியவரைக் கேட்டேன். அவரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை. காவலர் ஒருவர் எங்களை நோக்கி நடந்து வந்தார். கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. சைகையால் திரும்பிப் போகச் சொன்னார். மிகவும் இளைய பிள்ளை. வேலி ஓரத்தில் வேப்பம்பழங்கள் உதிர்ந்து கிடந்தன. ஒருகணம் குனிந்து இரண்டை எடுக்கலாமா என்று தோன்றியது. அவை அந்த மரத்துப் பழங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? எடுக்கவில்லை.

கப்பலுக்குத் திரும்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதை மயிலிட்டித் துறையிலேயே கழித்தேன். யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள். ஒருவர் தம் மகன் கனடாவில் இருப்பதைச் சொன்னார். இன்னொருவர் தம் வள்ளத்தை ஆசீர்வதிக்கக் கேட்டார். மந்திரித்தேன். ஆட்டோ இளைஞர் காத்திருந்த நேரத்திற்குக் கூலி கேட்கவில்லை என்பதையும் நீதிக்காக இங்கே எழுதிவிடுகிறேன்.

மாலையில் மேல்தளத்தில் இசைநிகழ்ச்சி. அக்காள் நூலகத்தின் வெண்மையையும் நல்லூர்க் கோபுரத்தையும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். நான் கரை மறையும்வரை கைப்பிடிக் கம்பியருகே நின்றேன். இதே கடலை அந்தக் குடும்பம் விளக்கு இல்லாத படகில், பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு கடந்தது. எங்கள் கப்பலில் எரிந்த விளக்குகள் நெடுந்தொலைவு தெரிந்திருக்கும்.

*

கொரட்டூர் வந்த மறுநாள் அவர் காத்திருந்தார். வரும் வழியெல்லாம் நான் சொற்களைத் தேடியிருந்தேன். மரம் நிற்கிறது என்று ஒரு சொல் சொன்னால் அந்த முகம் மலரும். ஆயினும் நான் கண்டதைத்தான் சொன்னேன்: வேலி இருக்கிறது, அப்பால் போக முடியவில்லை, இரண்டு மூன்று வேம்புகளின் உச்சி தெரிந்தது, எது உங்களுடையது என்று தெரியவில்லை.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "இரண்டோ மூண்டோ, சுவாமி?" என்றார்.

"இரண்டு நிச்சயம். மூன்றாவதும் வேம்புதான் என்று நினைக்கிறேன்."

"எங்கட ஒழுங்கையிலை ரெண்டு வேம்புதான் நிண்டது. மற்றது அந்தோனிப்பிள்ளை வீட்டை." விரலை மடக்கி எதையோ எண்ணினார். "மூண்டாவது பிறகு முளைச்சதாயிருக்கும். எங்கட மரத்தின்ரை விதை விழுந்து முளைச்சிருக்கும்."

துறையில் கண்ட பெரியவரைப் பற்றிக் கூறினேன். பெயரைக் கேட்டதும் அவர் யாருடைய மகன், எந்த வகுப்பில் படிப்பை நிறுத்தினார் என்பதெல்லாம் வந்தது. நம் ஊர் விசைப்படகுகளைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை. அவர் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வாசலில் நின்று திரும்பினார்.

"பழம் விழுந்து கிடந்ததோ, சுவாமி?"

"நிறைய விழுந்து கிடந்தது அம்மா."

"ஆடி மாதம்தானே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.